ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியை உயர்த்தியவர்கள் பேராசிரியர்களா, பணம் கொடுத்தவர்களா?

பொருநைவாசன் எழுதியது:

அமெரிக்காவின் தனியார் மருத்துவக் கல்லூரிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்லூரியின் பெயர் முதலில் வந்து நிற்கிறது. வெல்ச், ஆஸ்லர், ஹால்ஸ்டெட், கெல்லி என்ற நான்கு பேராசிரியர்களின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய மேதைமையால் கல்லூரி உயர்ந்தது என்று முடித்துவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். அந்தக் கதை பொய்யன்று; ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதி கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அக்கல்லூரியின் ஒவ்வொரு பெரிய திருப்பத்திலும் யாரோ ஒருவர் பணத்தோடு நிபந்தனையையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார் என்பதும், அந்த நிபந்தனைகளே கல்லூரியின் குணத்தை வடித்தன என்பதும் என் கட்சி. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்பவர் பால்டிமோர் நகரத்து வணிகர், திருமணம் செய்துகொள்ளாதவர், பால்டிமோர்-ஒஹாயோ இரயில்வேயில் பெரும் பங்குதாரர். 1873 டிசம்பரில் அவர் இறந்தபோது விட்டுச் சென்ற 70 இலட்சம் டாலர், பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைக்கும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்தது. மருத்துவமனையைக் கட்டும்போது முதலைத் தொடக்கூடாது, அதன் வருமானத்தை மட்டுமே செலவிட வேண்டும் என்பது அவருடைய கட்டளை. அதனால் கட்டட வேலை பன்னிரண்டு ஆண்டுகள் இழுத்து, 1889 மே மாதத்தில்தான் மருத்துவமனை திறக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் பங்கோ முக்கியமாக இரயில்வே பங்குகளாக இருந்தது. அவற்றை விற்றுவிட வேண்டாம் என்று உயிலிலேயே அறிவுரை சொல்லியிருந்தார். 1880களின் இறுதியில் இரயில்வே ஈவுத்தொகை கொடுப்பதை நிறுத்திவிட, பல்கலைக்கழகத்தின் வருமானம் வறண்டுபோனது. மருத்துவமனை தயார், பேராசிரியர்கள் தயார், ஆனால் மருத்துவக் கல்லூரியைத் திறக்கப் பணம் இல்லை. வெல்ச் 1884-இலேயே நியமிக்கப்பட்டிருந்தும், மருத்துவ மாணவர் ஒருவரும் இல்லாத நோயியல் பேராசிரியராக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்.

இந்த நெருக்கடியில்தான் நான்கு பெண்கள் உள்ளே வருகிறார்கள். மேரி எலிசபெத் காரெட், கேரி தாமஸ், மேரி க்வின், எலிசபெத் கிங் ஆகிய நால்வரும் அறங்காவலர்களின் மகள்கள். வீட்டு உணவு மேசையிலேயே பல்கலைக்கழகத்தின் வரவுசெலவைக் கேட்டு வளர்ந்தவர்கள். நாடெங்கும் பெண்கள் குழுக்களை அமைத்து 1890-இல் ஒரு இலட்சம் டாலரைத் திரட்டிக் கொடுத்து, ஆண்களுக்கு எந்த விதியோ அதே விதியில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்றார்கள். அறங்காவலர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு, ஐந்து இலட்சம் சேர்ந்தால்தான் கல்லூரியைத் திறக்க முடியும் என்று பதில் சொன்னார்கள். அவ்வளவு பெருந்தொகை சேராது என்ற நம்பிக்கை அந்தப் பதிலுக்குப் பின்னால் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது; பல்கலைக்கழகத் தலைவர் கில்மனுக்கு ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பதில் விருப்பமே இல்லை. 1892 டிசம்பரில், அதற்குள் சேர்ந்திருந்தது போக இன்னும் குறைந்த 306,977 டாலரையும் மேரி காரெட் ஒருவரே தருவதாக எழுதிக்கொடுத்தார். அவர் அந்த இரயில்வேயின் தலைவராக இருந்த ஜான் காரெட்டின் மகள். இரயில்வே ஏற்படுத்திய பள்ளத்தை இரயில்வே பணமே நிரப்பிய விந்தையை என்னவென்று சொல்வது!

இப்போது நிபந்தனைகளைப் பாருங்கள். பெண்களைச் சமமாகச் சேர்க்க வேண்டும் என்பதோடு அவை நிற்கவில்லை. சேர வருகிறவர் பட்டதாரியாக இருக்க வேண்டும். வேதியியல், இயற்பியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பிரெஞ்சு மொழியும் ஜெர்மன் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். விதிகள் மீறப்பட்டால் பணம் திரும்பப் போய்விடும். அன்றைய அமெரிக்காவில் வேறெந்த மருத்துவக் கல்லூரியும் இவ்வளவு கேட்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தகுதிகளை முதன்முதலில் தாளில் எழுதியவர் வெல்ச்தான். அவர் என்றோ ஒரு நாள் இலட்சியமாக எழுதிவைத்ததை எடுத்து, காரெட் சட்டமாக்கிவிட்டார். நூலகத்தில் அமர்ந்து ஆகாயக் கோட்டை கட்டுவது வேறு, அதில் குடியேறச் சொன்னால் வரும் அச்சம் வேறு என்ற பொருளில் வெல்ச் பிற்காலத்தில் பேசினார். விதிகளைத் தளர்த்தும்படி கில்மனும் மற்றவர்களும் கேட்டுப் பார்த்தார்கள். காரெட் அசைந்து கொடுக்கவில்லை. நாம் பேராசிரியர்களாக வந்துவிட்டது நல்லதாயிற்று, மாணவர்களாக நுழைந்திருக்கவே முடியாது என்று ஆஸ்லர் வெல்ச்சிடம் சொன்னதாக ஒரு செய்தி எல்லா வரலாறுகளிலும் வருகிறது. 1893 அக்டோபரில் கல்லூரி திறந்தபோது சேர்ந்தவர்கள் 18 பேர். அவர்களில் 3 பேர் பெண்கள்.

அமெரிக்க மருத்துவக் கல்வியின் மிக உயர்ந்த நுழைவுத் தகுதியை நிலைநிறுத்தியவர் ஒரு பேராசிரியரும் அல்லர், ஒரு மருத்துவரும் அல்லர். இதை எப்படி மறுப்பீர்கள்?

கயல்விழி எழுதியது:

பொருநைவாசன் ஐயாவின் பதிவை மிகவும் விரும்பிப் படித்தேன். அறுவைச் சிகிச்சைத் துறையில் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் என்ற முறையில் ஒரு மறுப்பு. வாசலை யார் கட்டினார்கள் என்று சொல்லிவிட்டீர்கள். வாசலுக்குள் நுழைந்த மாணவருக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

அதற்கு முன்பு அந்நாட்டில் மருத்துவம் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டால்தான் இதன் அருமை விளங்கும். பெரும்பாலான கல்லூரிகள் சில மருத்துவர்கள் கூட்டாகச் சேர்ந்து நடத்திய வியாபாரம். மாணவர் கட்டிய கட்டணத்தை ஆசிரியர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆண்டுக்குச் சில மாத விரிவுரை. இரண்டாம் ஆண்டில் பெரும்பாலும் அதே விரிவுரை மீண்டும் ஒருமுறை. நோயாளியைத் தொட்டே பார்க்காமல் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். ஹார்வர்டு கல்லூரியின் நிலையே பாருங்கள். 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல்கலைக்கழகத் தலைவர் எலியட் எழுத்துத் தேர்வு வேண்டும் என்றபோது, அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பிகலோ, மாணவர்களில் பாதிப் பேருக்குச் சரியாக எழுதவே வராது என்று எதிர்த்தார். மாணவர் குறைந்தால் வருமானம் குறையுமே!

ஆஸ்லர் செய்த மாற்றம், மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களை வார்டுக்குள் கொண்டுவந்ததுதான். ஒவ்வொரு மாணவருக்கும் சில படுக்கைகள் ஒப்படைக்கப்படும். நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுவது, உடலைப் பரிசோதிப்பது, இரத்தத்தையும் சிறுநீரையும் தாமே நுண்ணோக்கியில் பார்ப்பது, மறுநாள் பேராசிரியர் வார்டைச் சுற்றி வரும்போது படுக்கையருகே நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்வது என எல்லாம் மாணவரின் வேலை. தம் கல்லறையில் எழுத வேறெதுவும் வேண்டாம், மாணவர்களை வார்டில் வைத்துக் கற்பித்தேன் என்பது மட்டும் போதும் என்று சொன்னவர் அவர். ஹால்ஸ்டெட் அதற்கு மேல்தளம் கட்டினார். பட்டம் பெற்ற இளம் மருத்துவர் மருத்துவமனையிலேயே தங்கி, படிப்படியாகப் பொறுப்பு கூடிக்கொண்டே போய், கடைசியில் தலைமை ரெசிடெண்ட் என்ற நிலையில் தன்னந்தனியாக அறுவை செய்யும் அளவுக்குத் தேறுவது அவர் ஜெர்மானிய முறையைப் பார்த்து வகுத்த ஏற்பாடு. இத்தனை ஆண்டு என்ற கணக்குக் கிடையாது. ஹால்ஸ்டெட் போதும் என்னும்வரை போதாது. அவரிடம் தலைமை ரெசிடெண்டாக இருந்தவர்கள் மொத்தம் 17 பேர்தான். அவர்களில் பலர் மற்றக் கல்லூரிகளில் பேராசிரியர்களாகி இதே முறையை அங்கும் பரப்பினார்கள். நரம்பு அறுவையின் முன்னோடி ஹார்வி குஷிங்கும் அவர் பட்டறையில் உருவானவரே. இன்று நம் ஊர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவுப் பணியில் நிற்கும் முதுநிலை மாணவரின் வாழ்க்கைக்கும் அதில் ஒரு வேர் உண்டு.

இதில் எந்த நன்கொடையாளர் நிபந்தனை போட்டார்?

ஹால்ஸ்டெட்டைப் புகழ்கிறேன் என்பதற்காக மறுபக்கத்தை மறைக்க விரும்பவில்லை. கோகெய்னை மரப்பு மருந்தாகத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்து அதற்கு அடிமையானவர் அவர்; பிறகு மார்ஃபினுக்கும் அடிமையாகி, வெளியுலகுக்குத் தெரியாமல் வாழ்நாள் முழுவதும் அதனோடு போராடினார். ஆஸ்லர் எழுதி மூடி வைத்திருந்த குறிப்பு 1969-இல் வெளிவந்தபோதுதான் அது முழுமையாக உலகுக்குத் தெரிந்தது. அறுவைக் கையுறையின் கதையும் அவருடையதே. அறுவை அரங்கின் தலைமைச் செவிலியர் கேரலைன் ஹாம்ப்டனுக்குக் கிருமிநாசினியாகப் பயன்பட்ட மெர்க்குரிக் குளோரைடு கரைசலால் கைத்தோல் வெந்து புண்ணாயிற்று. வேலையை விட்டுவிடுவாரோ என்று கவலைப்பட்ட ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்தில் சொல்லி மணிக்கட்டுக்கு மேலும் நீளும் மெல்லிய கையுறைகளைச் செய்வித்தார். 1890-இல் இருவரும் மணந்துகொண்டார்கள். நோயாளியைக் கிருமியிலிருந்து காக்கும் எண்ணம் அந்தக் கையுறையில் முதலில் இல்லவே இல்லை. உதவியாளர்கள் பழக்கத்தால் அணியத் தொடங்கி, பின்னர் ப்ளட்குட் என்ற சீடர் எல்லா அறுவைகளிலும் அணிந்து, குடலிறக்க அறுவைகளில் சீழ் பிடிப்பது குறைவதைக் கணக்கிட்டுக் காட்டியபோதுதான் அது அறுவை அரங்கின் விதியாயிற்று. இப்படிப்பட்டவை எந்த உயிலிலும் எழுதி வைத்து வருபவையல்ல.

நிலவழகி எழுதியது:

இருவருக்கும் வணக்கம். பெண்களைப் பற்றிய நிபந்தனை எழுத்தளவில் நின்றதா, நடைமுறைக்கும் வந்ததா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

சேர்க்கையைப் பொறுத்தவரை அது நடந்தது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது 1945-இல் என்பதை நினைத்தால், 1893 எவ்வளவு முந்தியது என்பது புரியும். 1900-இல் பட்டம் பெற்ற டாரதி ரீட், நிணநீர் மண்டலப் புற்றுநோயான ஹாட்ஜ்கின் நோயை அடையாளம் காட்டும் உயிரணுவை 1902-இல் விவரித்தார். ரீட்-ஸ்டெர்ன்பெர்க் உயிரணு என்று இன்றும் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்வது அவர் பெயரைத்தான். ஆனால் கற்பிக்கும் பதவியில் பெண்ணுக்கு மேலே போக வழியில்லை என்பதைக் கண்டு அவர் அங்கிருந்து வெளியேறிவிட்டார். அவருடன் பட்டம் பெற்ற ஃபுளோரன்ஸ் சேபின் அங்கேயே நிலைத்து, நிணநீர்க் குழாய்களின் தோற்றத்தை ஆராய்ந்து புகழ்பெற்றார். 1917-இல் உடற்கூறியல் துறைத் தலைவர் மால் இறந்தபோது அந்த இடம் சேபினுக்கு வரும் என்று பலரும் எதிர்பார்க்க, அவரிடமே படித்த ஆணுக்கு அது போயிற்று. அதே ஆண்டில் அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்தக் கல்லூரியில் அந்நிலையை எட்டிய முதல் பெண் அவர். மாணவர் சேர்க்கையைப் பற்றி எழுதிய காரெட், ஆசிரியர் நியமனத்தைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டார். எழுதியது நடந்தது, எழுதாதது நடக்கவில்லை. இந்த அளவில் நான் பொருநைவாசன் ஐயாவின் பக்கம்.

காரெட்டுக்குப் பின்னால் நின்று திட்டம் வகுத்தவர் கேரி தாமஸ் என்பதையும் சொல்ல வேண்டும். ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தும் வகுப்பில் மற்றவர்களோடு அமர அனுமதி கிடைக்காமல் வெளியேறி, 1882-இல் சூரிச் நகரில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். பழைய கணக்கைப் பத்தாண்டு கழித்து வட்டியோடு தீர்த்துக்கொண்டார் போலும்.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு செய்தியும் இங்கே பொருந்தும். வேலூர் ஐடா ஸ்கடர் இதே பத்தாண்டில் மருத்துவம் படித்தவர். ஃபிலடெல்ஃபியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் தொடங்கி, கார்னெல் பல்கலைக்கழகம் நியூயார்க்கில் புதிதாகத் திறந்த மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்க்கிறது என்றதும் அங்கே மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். அதுவும் தனியார் கல்லூரிதான். ஹாப்கின்ஸ் திறந்த ஐந்தாண்டுகளுக்குள் அந்தக் கதவும் திறந்தது.

செங்குட்டுவன் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் நிபந்தனைகளைப் பற்றிப் பேசும்போது, காற்றில் விடப்பட்ட நிபந்தனையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

1873-இல் ஹாப்கின்ஸ் தம் அறங்காவலர்களுக்கு எழுதிய கடிதத்தில், நகரத்து ஏழை நோயாளிகளை ஆண், பெண், வயது, நிறம் பாராமல் கட்டணமின்றிச் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கறுப்பினத்து நோயாளிகளைச் சேர்த்தார்கள், ஆனால் தனி வார்டில். 1951-இல் கருப்பைவாய்ப் புற்றுநோயோடு வந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் படுத்திருந்ததும் அத்தகைய வார்டில்தான். அவருடைய கட்டியிலிருந்து கேட்காமலே எடுக்கப்பட்ட உயிரணுக்களை ஜார்ஜ் கை தம் ஆய்வகத்தில் வளர்த்தார். ஹீலா என்ற பெயரில் அவை உலகமெங்கும் போய், போலியோ தடுப்பூசிச் சோதனை தொடங்கி எத்தனையோ ஆய்வுகளுக்கு அடிப்படையாயின. அந்த அம்மையார் அதே ஆண்டு அக்டோபரில் இறந்தார். குடும்பத்துக்கு அது தெரிய வந்தது இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. கல்லூரி அந்த உயிரணுக்களை விற்றுப் பணம் பார்க்கவில்லை என்பது உண்மை. விற்ற நிறுவனங்களுள் ஒன்றான தெர்மோ ஃபிஷர் 2023-இல் குடும்பத்தோடு சமரசம் செய்துகொண்டது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: ஹாப்கின்ஸ் அடிமை ஒழிப்பை ஆதரித்தவர் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது, 1840, 1850ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுகள் அவர் வீட்டில் அடிமைகள் இருந்ததைக் காட்டுவதாகப் பல்கலைக்கழகமே 2020 டிசம்பரில் அறிவித்தது. அதை மறுக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

விவியன் தாமஸ் என்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரிப் படிப்புக்குச் சேர்த்து வைத்த பணம் பொருளாதாரப் பெருமந்தத்தில் வங்கியோடு போய்விட, ஆய்வக உதவியாளராக வேலைக்குச் சேர்ந்த கறுப்பினத்தவர். அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் ப்ளேலாக் 1941-இல் ஹாப்கின்ஸுக்கு வந்தபோது அவரையும் உடன் அழைத்து வந்தார். குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டௌசிக், பிறவி இதயக் குறையால் உடல் நீலம் பாரித்துச் சாகும் குழந்தைகளின் நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் கொண்டுபோக வழி உண்டா என்று கேட்டார். நாய்களில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து அந்த அறுவை முறையைப் பக்குவப்படுத்தியவர் தாமஸ். குழந்தையின் இரத்தக்குழாய்க்கு ஏற்ற சிறிய ஊசி இல்லாததால், இருந்த ஊசிகளை வெட்டிக் குட்டையாக்கித் தீட்டிக் கொடுத்தவரும் அவரே. 1944 நவம்பர் 29 அன்று 15 மாதப் பெண் குழந்தைக்கு முதல் அறுவை நடந்தது. ப்ளேலாக் கத்தியைப் பிடிக்க, அவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலி மீது ஏறி நின்று, தையல் எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் தாமஸ். அறுவை முறைக்கு ப்ளேலாக், டௌசிக் இருவர் பெயரும் வைக்கப்பட்டது. தாமஸின் உருவப்படம் கல்லூரியில் இடம்பெற்றது 1971-இல். கௌரவ முனைவர் பட்டம் 1976-இல். கறுப்பின மாணவர்கள் முதன்முதலாக அந்த மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றது 1967-இல், அதாவது கல்லூரி திறந்து 74 ஆண்டுகள் கழித்து.

காரெட்டின் நிபந்தனையில் பெண்கள் இருந்தார்கள், மொழிகள் இருந்தன. இது இல்லை.

வழிப்போக்கன் எழுதியது:

ஒரு சிறிய கேள்வி. ஃபிளெக்ஸ்னர் அறிக்கை என்று ஒன்று சொல்கிறார்களே, அதற்கும் இந்தக் கல்லூரிக்கும் என்ன தொடர்பு? அத்துடன், இதை இன்று எந்தப் பொருளில் "தனியார்" என்கிறோம்? நம் ஊரில் அச்சொல்லுக்கு வேறு வாடை உண்டு.

பொருநைவாசன் எழுதியது:

செங்குட்டுவனின் பதிவுக்கு மறுப்பு எதுவும் இல்லை. அது என் கட்சியை இன்னும் கூர்மையாக்குகிறது: திரும்பப் பெறும் உரிமையோடு எழுதப்பட்ட நிபந்தனை பிழைத்தது, கேட்பார் இல்லாத இறந்தவரின் விருப்பம் தேய்ந்தது.

வழிப்போக்கன் கேட்டதற்கு வருகிறேன். ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் மருத்துவர் அல்லர். ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இளங்கலை படித்த பள்ளி ஆசிரியர். அவருடைய அண்ணன் சைமன், பேராசிரியர் வெல்ச்சிடம் படித்தவர். கார்னகி அறக்கட்டளைக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளையும் நேரில் பார்த்து 1910-இல் அறிக்கை வெளியிட்டார். பல கல்லூரிகளில் ஆய்வகம் என்ற பெயரில் பூட்டிய அறையும் தூசி படிந்த குடுவைகளும்தான் இருந்தன. எல்லாவற்றையும் அவர் அளந்த கோல் ஹாப்கின்ஸ். அந்தக் கோலுக்கு எட்டாத கல்லூரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1920-இல் ஏறத்தாழ 85 எஞ்சின. அறிக்கைக்கு முன்பே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெருக்குதலால் இந்தச் சரிவு தொடங்கிவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவருக்கென இருந்த ஏழு கல்லூரிகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே நிலைக்கத் தக்கவை என்று ஃபிளெக்ஸ்னர் எழுத, மற்ற ஐந்தும் 1923-க்குள் மறைந்தன. வெள்ளையர் கல்லூரிகளில் இடம் இல்லாத காலத்தில் அதன் விளைவு என்ன என்பதைச் செங்குட்டுவன் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

அடுத்த நிபந்தனை எண்ணெய்ச் செல்வர் ராக்ஃபெல்லரின் பணத்தோடு வந்தது. ஆஸ்லர் எழுதிய மருத்துவப் பாடநூலை 1897 கோடையில் படித்த ராக்ஃபெல்லரின் ஆலோசகர் கேட்ஸ், நோய்களுக்கு மருத்துவத்தில் உள்ள மருந்து எவ்வளவு குறைவு என்பதைக் கண்டு திகைத்துத்தான் மருத்துவ ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும்படி எழுதினார். 1913-இல் ராக்ஃபெல்லரின் பொதுக் கல்வி வாரியம் ஹாப்கின்ஸுக்கு 15 இலட்சம் டாலர் கொடுத்தது. பொது மருத்துவம், அறுவை, குழந்தை மருத்துவம் ஆகிய துறைகளின் பேராசிரியர்கள் முழு நேரமும் கல்லூரிக்கே உழைக்க வேண்டும், நோயாளிகளிடம் வாங்கும் கட்டணம் அவர்கள் பைக்குப் போகக் கூடாது என்பது நிபந்தனை. அதற்குள் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டிருந்த ஆஸ்லர் கடுமையாக எதிர்த்தார். வெளியுலக நோயாளிகளைப் பார்க்காத பேராசிரியர், மருத்துவத்தின் மனிதப் பக்கத்தை மறந்த அறிவுச் செருக்கராகிவிடுவார் என்பது அவர் அச்சம். பொது மருத்துவத் துறைத் தலைவர் பார்க்கர் அந்தப் பதவியை ஏற்க மறுத்தார். அவருக்குப் பதிலாக வந்த ஜேன்வே மூன்றே ஆண்டுகளில் சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று விலகினார். ஆனாலும் முறை நிலைத்தது. கயல்விழி அம்மா கேட்ட கேள்விக்கு இதையே பதிலாக வைக்கிறேன்: வார்டுக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதிலும் பணம் தலையிட்டது, அதுவும் ஆஸ்லரின் விருப்பத்துக்கு மாறாகவே.

தனியார் என்பது உரிமையாளர் இலாபம் எடுக்கும் நிறுவனம் என்ற பொருளில் அன்று. அறங்காவலர் குழுவின் கீழ் இயங்கும், இலாப நோக்கமற்ற நிறுவனம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதன் ஆய்வுகளைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் கூட்டரசின் பணம். 1978-இல் ஹாமில்டன் ஸ்மித்தும் டேனியல் நேதன்ஸும் டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகளுக்காக நோபல் பரிசு பெற்றதிலிருந்து, 2019-இல் கிரெக் செமென்சா பெற்றது வரை அந்த வளர்ச்சியின் கிளைகள். அரசுப் பணம் அரசுக் கட்டுப்பாட்டையும் கொண்டுவந்தது. 2001-இல் ஆஸ்துமா ஆய்வு ஒன்றில் தன்னார்வமாகப் பங்கேற்ற உடல்நலமுள்ள 24 வயதுப் பெண், ஒரு வேதிப்பொருளைச் சுவாசித்ததன் விளைவாக இறந்தபோது, மனிதர்களை வைத்துச் செய்யும் கூட்டரசு நிதி ஆய்வுகள் அனைத்தையும் அரசு சில நாட்கள் நிறுத்தி வைத்தது. 2025 மார்ச்சில் வெளிநாட்டு உதவி நிதி 80 கோடி டாலருக்கு மேல் வெட்டப்பட்டபோது, பல்கலைக்கழகம் 2,000-க்கும் மேற்பட்ட வேலைகளை நீக்க வேண்டியதாயிற்று. அதில் மருத்துவக் கல்லூரியும் அடங்கும்.

கயல்விழி எழுதியது:

முழுநேரப் பேராசிரியர் விஷயத்தில் ஐயா சொல்வதை ஏற்கிறேன். ரெசிடெண்ட் முறை விஷயத்தில் இன்னும் ஏற்கவில்லை. அதை ஹால்ஸ்டெட் தம் விருப்பப்படி அமைத்தார், ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் தடுக்கவும் இல்லை. அதற்கு இடம் கொடுத்தது, கல்லூரியும் மருத்துவமனையும் ஒரே தலைமையில் இணைந்து இயங்க வேண்டும் என்று மூல நிறுவனர் எழுதிவைத்தது என்று நீங்கள் வாதாடலாம். வாதாடினால் அதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை.

கடைசி நன்கொடையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் 1964-இல் பொறியியல் முடித்த மைக்கேல் புளூம்பெர்க், 2024 ஜூலையில் 100 கோடி டாலர் அறிவித்தார். ஆண்டு வருமானம் 3 இலட்சம் டாலருக்குக் குறைந்த குடும்பங்களின் மருத்துவ மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை; 1,75,000 டாலருக்குக் குறைந்தால் தங்கும் செலவும் உணவுச் செலவும்கூட இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 65,000 டாலர் கட்டணம் வாங்கிய கல்லூரி அது. மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இதனால் பயனடைவர் என்று கணக்கிட்டார்கள்.

இதை 1892-ஆம் ஆண்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் படித்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பட்டம் இருந்தால்தான் மருத்துவம் என்ற காரெட்டின் விதி, ஃபிளெக்ஸ்னர் வழியாக நாடு முழுவதும் பரவி, அமெரிக்க மருத்துவப் படிப்பை நான்கும் நான்கும் எட்டு ஆண்டுகளாக நீட்டிவிட்டது. நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் சேருகிறோம். அங்கே ஒருவர் மருத்துவக் கல்லூரி வாசலுக்கு வரும்போதே நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பின் கடன் தலையில் இருக்கும். பெண்களுக்குக் கதவைத் திறந்த அதே பத்திரம்தான் ஏழைகளுக்குப் படியை உயர்த்தியது. புளூம்பெர்க்கின் பணம் அதில் இரண்டாவது நான்கு ஆண்டுகளின் செலவைத்தான் ஈடுகட்டுகிறது. முதல் நான்கு ஆண்டுகளுக்கு அவரே 2018-இல் 180 கோடி டாலர் கொடுத்திருக்கிறார், ஆனால் அது ஹாப்கின்ஸிலேயே இளங்கலை படிப்பவர்களுக்கு மட்டும். வேறு கல்லூரியில் இளங்கலை முடித்து வருபவரின் பழைய கடன் அப்படியேதான் இருக்கும்.

செங்குட்டுவன் எழுதியது:

கயல்விழி அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கட்டணம் தள்ளுபடியாவது இடம் கிடைத்த பிறகு. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி பெறவும், கோடை விடுமுறையில் சம்பளமில்லாமல் ஆய்வகத்தில் வேலை பார்க்கவும் வசதியுள்ள பிள்ளைகளுக்கே இடம் எளிதாகக் கிடைக்கும் வரை, கிழக்கு பால்டிமோரில் கல்லூரிக்கு எதிர்த் தெருவில் வளரும் பிள்ளைக்கு அந்த 100 கோடியால் என்ன மாறியது என்று பார்க்கச் சில ஆண்டுச் சேர்க்கைப் பட்டியல்கள் வர வேண்டும். வந்தால் இதே இழையில் எழுதுகிறேன்.